மூன்று கோட்டுப் பிஸ்டலும் அலகில்லாத அன்னங்களும்

ஓய்வூதியர் நேர்காணலுக்காகப் போன மாதம் மாவட்டத் தலைமையகத்துக்குப் போயிருந்தேன். உயிரோடுதான் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்ட சந்தோஷத்தில், நான் வேலை பார்த்த ஆயுதக் கிடங்கையும் எட்டிப் பார்த்தேன். இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்து துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் ஆர்மரர் தினேஷ், புதிதாக வந்த பிஸ்டல்கள் சிலவற்றைப் பிரித்து மேஜையில் பரப்பியிருந்தான். எண் பொறித்த பாகங்களை மட்டும் வரிசையாக ஒதுக்கி வைத்திருந்தான். மற்றதெல்லாம் ஒரே தட்டில். ஸ்பிரிங் ஒரு குவியல், பின் ஒரு குவியல், ஸ்க்ரூ ஒரு குவியல். காய்கறிக் கடை மாதிரி இருந்தது.

"இன்னாப்பா இது, எதோடது எதுன்னு எப்படிக் கண்டுபுடிப்ப?"

"எதுக்கு சார் கண்டுபுடிக்கணும்? எத்த எதுல போட்டாலும் உக்காந்துக்கும்." சொல்லிக்கொண்டே கைக்கு வந்ததை எடுத்து மாட்டினான். உட்கார்ந்தது. "ஆமா, நீங்க இன்னாத்துக்கு சார் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித் தட்டு, தட்டு மேல துணின்னு அவ்ளோ பேஜார் பண்ணிகினு இருந்தீங்க? வாசுகி மேடம் கூட இன்னும் உங்க தட்டுங்கள தூக்கிப் போட உட மாட்டேன்றாங்க."

ஆரணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பாதிதான் பதில் சொன்னேன். மீதிப் பாதி இது.

பட்டுத்தறிக் குடும்பத்தில் பிறந்தவன் போலீஸ் ஆர்மரர் ஆனதில் ஒரு ரகசியமும் இல்லை. எனக்குத் தறிக்குழியில் கால் தொங்கப் போட்டு உட்காரப் பிடிக்கவில்லை. தறிக்கு மேலே உட்கார்ந்து பார்டர் உருவங்களுக்கு இழை தூக்கிவிடும் ஜக்கார்டு பெட்டியைப் பிரித்து மாட்டப் பிடித்தது. கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, ஆர்மரர் பயிற்சிக்கு ஆள் கேட்டபோது கையைத் தூக்கினேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து அரத்தால் ராவிச் சதுரக் கட்டையாக்கச் சொன்னார்கள். சதுரமாகி வருவதற்குள் துண்டு சுண்டுவிரல் அளவுக்கு வந்துவிட்டது. இன்னொரு துண்டு கொடுத்தார்கள். அவ்வளவுதான் பயிற்சி. என் அப்பா மட்டும் கடைசிவரை தெருவில் யாராவது கேட்டால், "தறியில குந்துடான்னா, துப்பாக்கிக்கு எண்ண போடப் போய்ட்டான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

படிக்கும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலேயே உண்டு. ஆரணி நூலகத்தில் தொடங்கி, பழைய புத்தகக் கடைகள் வழியாக, இப்போது போனில் வந்து நிற்கிறது. பழைய துப்பாக்கிகளை எப்படிச் செய்தார்கள் என்பதைத் தேடித் தேடிப் படித்தேன். கர்நாடகப் போர்களில் எங்கள் ஊர்க் கோட்டையைச் சுற்றிப் படைகள் வந்து தங்கிப் போன சரித்திரம் உண்டல்லவா, அந்தப் படைகளின் இடுப்பில் இருந்தது என்ன என்ற ஆவல்தான் காரணம்.

சக்கிமுக்கிக் கல்லை இரும்பில் உரசித் தீப்பொறி எழுப்பிச் சுடும் அந்தக் காலத்துப் பிஸ்டல், ஒரு ஆள் செய்த பொருள் இல்லை. இரும்புப் பட்டையைக் காய்ச்சி, கம்பி ஒன்றின்மேல் சுற்றி, ஓரத்தோடு ஓரம் அடித்து ஒட்டிப் பேரலாக்குகிறவன் ஒருவன். அதன் உட்புறத்தைக் குடைந்து வழவழப்பாக்குகிறவன் இன்னொருவன். சுத்தியல், ஸ்பிரிங் எல்லாம் அடங்கிய விசைப் பூட்டை அரத்தால் ராவி எடுப்பவன் வேறொருவன். மரப்பிடியைக் குடைந்து இவற்றைப் பதிப்பவன் தச்சன். ஸ்க்ரூவுக்குப் புரி வெட்டுவதும் கையால்தான். துளையிட்ட எஃகுத் தகட்டில் இரும்புக் கம்பியை முறுக்கி முறுக்கி நுழைத்துப் புரி ஏற்றுவார்கள். தகடு தேயத் தேயப் புரியும் மாறும். ஆகவே ஒரு பிஸ்டலின் ஸ்க்ரூ பக்கத்துப் பிஸ்டலில் ஏறாது. பல நேரங்களில் அதே பிஸ்டலின் பக்கத்துத் துளையில்கூட ஏறாது.

இரும்பு மெத்தென்று இருக்கும்போதே எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ராவிப் பொருத்திப் பார்த்துவிட்டு, மறுபடியும் பிரித்து உலையில் வைத்துக் கெட்டிப்படுத்துவார்கள். பல பிஸ்டல்களின் பாகங்கள் உலையில் ஒன்றாகக் கிடக்கும். வெளியே வந்ததும் எது எதனுடையது? இந்தக் கேள்விக்கு விடையைப் புத்தகத்தில் படித்திருந்தேன். கண்ணால் பார்த்தது, ஒரு ஆடி அமாவாசைக்கு மறுநாள்.

நாள் குறித்துச் சொல்வதில் எனக்குப் பிடிவாதம் அதிகம் என்று வீட்டில் கேலி செய்வார்கள். ஆனால் அதற்கு முதல் நாள் ஆடி அமாவாசைதான். ஏன் அவ்வளவு நிச்சயம் என்பது போகப்போகத் தெரியும்.

அதற்கு முன் வாசுகி மேடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளில் ஆயுதக் கிடங்குக்கு எஸ்.ஐ.யாக வந்தவர். போளூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், இன்ஜினியரிங் படிப்பு, என் மூத்த மகளைவிட வயதில் சின்னவர். என்னை 'ஏட்டையா' என்பார். அவரிடம் 'பாராட்டு' என்ற பாகம் பொருத்தப்படவே இல்லை. ஒரு வேலையை எவ்வளவு நன்றாகச் செய்தாலும், "இன்னொரு தடவை" என்பார். அதுதான் பாராட்டு என்று புரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் பிடித்தன.

துப்பாக்கி பிரிப்பதில் அவருக்கென்று ஒரு முறை. மேஜையில் வெள்ளைத் துணி. அதன்மேல் தட்டு. பக்கத்தில் டீ, தண்ணீர், போன் எதுவும் கூடாது. பாகத்தைக் கழற்றியதும் அதன் பெயரை வாய்விட்டுச் சொல்லித்தான் தட்டில் வைக்க வேண்டும். கடிகார முள் சுற்றும் திசையில் வைத்துக்கொண்டே வர வேண்டும். மாட்டும்போது முள்ளைத் திருப்பிச் சுற்றுவதுபோல் எடுத்துக்கொண்டே வர வேண்டும். துப்பாக்கி திறந்திருக்கும்வரை வேறு பேச்சு கிடையாது. பெயர் தெரியாத பாகம் வந்தால் என்ன செய்வது என்று முதல் வாரத்தில் கேட்டேன்.

"பேர் தெரியாத பொருள நீங்க எதுக்கு ஏட்டையா கழட்டுனீங்க?" என்றார்.

அந்த ஆடி அமாவாசைக்கு மறுநாள் காலை பத்து மணி இருக்கும். ஆரணிப் பக்கத்துக் காவல் நிலையம் ஒன்றின் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் ஒரு துணிப்பை. பையிலிருந்து ஒரு பிஸ்டலை எடுத்து மேஜையில் வைத்தார். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு, மரப்பிடி கறுத்திருந்தது, இரும்பு பளபளவென்று இருந்தது. பிறகு போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். அதே பிஸ்டலை நெற்றிக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, சுடிதார் போட்ட ஒரு பெண் முறைத்துக்கொண்டு நின்றாள். சுத்தியல் பின்னால் இழுபட்டு விறைப்பாக நின்றது. படத்தின் கீழே 'வருங்கால போலீஸ்' என்று எழுதியிருந்தது.

"வாட்ஸப் ஸ்டேட்டஸ். சேவூர்ப் பொண்ணு. பேரு மேகலா. அப்பன் ஏகாம்பரம், பட்டுத்தறி" என்றார் இன்ஸ்பெக்டர். "கான்ஸ்டபிள் செலக்‌ஷன்ல பாஸாயிட்டு ஆர்டருக்குக் காத்துகினு கீது. அதோட நன்னடத்தை விசாரணை ஃபைல் என் மேஜையிலதான் கீது. நேத்து சாயந்தரம் இந்தப் போட்டோ யார் யாருக்கோ போயி என் போனுக்கே வந்துச்சு. போய் எடுத்தாந்துட்டேன்."

"எங்கிருந்து வந்துச்சாம்?" என்று கேட்டார் மேடம்.

"ஓடு மாத்தும்போது உத்தரத்துப் பின்னால ஆணியில தொங்கிச்சாம். எந்தக் காலத்துதுன்னு தெரியாதாம். கெடச்சது கெடச்சபடியே இருந்துச்சு, நாங்க ஒண்ணுமே பண்லன்றான் அப்பன். நான் நம்பணும்னுதான் பார்க்கறேன். ஆனா பாருங்க, கம்பெனி முத்திரை இல்ல, நம்பர் இல்ல, எல்லாம் அரத்தால ராவுனது, புதுசாட்டம் மின்னுது, சுத்தியல் வேலை செய்யுது. மலைப்பக்கம் புடிச்ச நாட்டுத் துப்பாக்கியெல்லாம் இப்படித்தான இருந்துச்சு?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. பழையதும் கையால் செய்தது, நாட்டுத் துப்பாக்கியும் கையால் செய்தது. பழங்காலத்துப் பொருள் என்றால் சட்டம் அதை வேறு விதமாகப் பார்க்கும். அண்மையில் செய்த நாட்டுத் துப்பாக்கி என்றால் வழக்கு. வழக்கு வந்தால் மேகலாவுக்கு வேலை இல்லை.

"அந்தப் பொண்ணு ராத்திரியெல்லாம் தூங்கலையாம். நானும் ஒரு பொண்ணப் பெத்தவன். ஆனா படம் ஊர் பூரா சுத்துது, சும்மா விட்டுட்டேன்னு என் மேல வரும். நீங்க எழுதிக் குடுக்கறதப் பார்த்துத்தான் நான் முடிவு பண்ணணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

மேடம் வெள்ளைத் துணியை விரித்தார். டீ கொண்டுவந்த பையன் வாசலோடு திரும்பிப் போனான்.

பழைய துப்பாக்கி கைக்கு வந்தால் முதல் வேலை, உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது. மெல்லிய மரக்குச்சி ஒன்றைப் பேரலுக்குள் விட்டு, எவ்வளவு ஆழம் போகிறது என்று அடையாளம் செய்து, வெளியே வைத்து ஒப்பிட வேண்டும். விட்டேன். குச்சி பாதியிலேயே நின்றுவிட்டது. உள்ளே என்னவோ அடைத்திருந்தது.

இன்ஸ்பெக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "லோடு ஆயிருக்குதா? அட, இத்தயா அந்தப் பொண்ணு நெத்திக்கு நேரா புடிச்சுகினு நின்னுது!"

மூன்று பேருமாக அதைப் பின்பக்க மணல் தொட்டிக்கு எடுத்துப் போனோம். தண்ணீர் விட்டு ஊறவைத்தோம். மேடம் எங்களை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, மரக்குச்சியால் மெல்ல மெல்லச் சுரண்டினார். செம்மண் வந்தது. இன்னும் கொஞ்சம் செம்மண். அப்புறம் காய்ந்துபோன இறக்கை ஒன்று. அப்புறம் கூடு, கூடாக, அடுக்கடுக்காக. குளவி வீடு கட்டிக் குடித்தனம் நடத்தியிருக்கிறது. ஒரு தலைமுறை அல்ல, பல தலைமுறை.

"குளவி" என்று வாய்விட்டுச் சொல்லி அந்த இறக்கையைத் தட்டில் வைத்தார் மேடம். சிரிக்கவில்லை. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டேன்.

பேரல் சுத்தமானதும் உள்ளே ஒளி அடித்துப் பார்த்தோம். துரு செதில் செதிலாக. தீப்பொறி உள்ளே போகவேண்டிய சின்னத் துளை துருவில் மூடிக் கிடந்தது. வெளியே பளபளப்பு, உள்ளே பாழ். இரும்பை முகர்ந்து பார்த்தேன். புளி வாசனை. பித்தளைக் குடம் துலக்குவதுபோல் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கியிருக்கிறார்கள். 'புதுசாட்டம் மின்னு'வதற்குக் காரணம் கிடைத்தது.

அடுத்து விசைப் பூட்டு. பிடியிலிருந்து கழற்றி, தகட்டைத் திருப்பினேன். மேடம் விளக்கைச் சாய்த்துப் பிடித்தார்.

"ஏட்டையா, இது கீறலா, வெட்டா?"

தகட்டின் உள்ஓரத்தில், நகத்தால் கீறியதுபோல் மூன்று சின்னக் கோடுகள். அரத்தின் முனையால் வேண்டுமென்றே போட்டவை. ஸ்பிரிங்கைக் கழற்றினேன். "ஸ்பிரிங்" என்று சொல்லி வைப்பதற்குள் மேடமே திருப்பிப் பார்த்துவிட்டார். மூன்று கோடு. சுத்தியலைத் தாங்கும் சக்கரத்தில் மூன்று கோடு. ஸ்க்ரூக்களின் தலையில் மூன்று கோடு. மரப்பிடியின் பள்ளத்தில், கறுப்பேறி, மூன்று கோடு.

உலையிலிருந்து வெளியே வந்த பாகங்களில் எது எதனுடையது என்ற கேள்விக்கு இதுதான் விடை. முதல் பிஸ்டலின் பாகங்களுக்கெல்லாம் ஒரு கோடு, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு மூன்று. முத்திரையும் இல்லை, எண்ணும் இல்லை என்றார் இன்ஸ்பெக்டர். எண் இருந்தது. யாரும் பார்க்காத பக்கத்தில் இருந்தது.

"நாட்டுத் துப்பாக்கி செய்றவன் மட்டும் கோடு போடக் கூடாதா?" என்று கேட்டார் அவர். நல்ல கேள்வி.

"ஐயா, நம்ம ஊர்ல பட்டு சாயம் போடற எடம் பார்த்திருக்கீங்க இல்ல?" என்றேன். "நாலஞ்சு வீட்டுப் பட்டு ஒரே அண்டாவுல எறங்கும். எடுக்கறப்போ யாருது எதுன்னு தெரியணுமே. அதுக்காக ஒவ்வொருத்தர் நூல் சிட்டத்துலயும் ஒவ்வொரு மாதிரி நூல் முடிச்சு போட்டிருப்பாங்க. உங்க வீட்டுப் பட்டு மட்டும் தனியா ஒரு சட்டியில வெந்துகினு இருந்தா, முடிச்சு எதுக்கு?"

மேடம் அதைப் பிடித்துக்கொண்டார். "அதான் சார். ஒருத்தனே ஒண்ணே ஒண்ணு செஞ்சா அடையாளம் தேவையில்ல. மூணு கோடுன்னா, பக்கத்துல ரெண்டு கோடும் நாலு கோடும் இருந்திருக்கு. இது பட்டறையில பல பேர் சேர்ந்து செஞ்சது. அப்படி ஒரு பட்டறை இப்ப எங்க இருக்கு?"

இன்ஸ்பெக்டர் முகம் தெளிந்துகொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து நான் சுத்தியலின் ஸ்க்ரூவில் கை வைத்தேன்.

சுத்தியலை அதன் அச்சோடு இறுக்குவது அந்த ஸ்க்ரூதான். அதன் தலையில் கோடு இல்லை. தலையில் இருந்த பள்ளமும் இயந்திரத்தில் வெட்டியது போல் நேர்த்தி. புத்தம் புதியது. கடையில் வாங்கும் ஸ்க்ரூ.

"இன்னாது அது?" என்றார் இன்ஸ்பெக்டர். "கெடச்சது கெடச்சபடின்னானே அப்பன்! இதுல பொய் சொல்றவன் மத்ததுல மட்டும் நெசமா சொல்வான்? எவனோ இத்த வேலைக்கு ரெடி பண்ணிகினு இருந்திருக்கான்."

அறை ஒரே நிமிஷத்தில் பழையபடி ஆகிவிட்டது. மேடம் மட்டும் அசையவில்லை. "கழட்டுங்க ஏட்டையா. மெதுவா."

கழற்றினேன். திருகத் தேவையே இருக்கவில்லை; கொஞ்சம் அசைத்ததும் வழுக்கிக்கொண்டு வந்தது. துளை பெரியது, ஸ்க்ரூ சின்னது. இடைவெளியை நிரப்ப, நுனியை மட்டும் விட்டு, அதன் புரி முழுக்க நெருக்கமாக நூல் சுற்றியிருந்தது. அரக்குச் சிவப்பு நூல். நூலை விரலில் உருட்டிப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து என் விரலுக்குத் தெரிந்த பொருள் அது.

"தையல் நூல் இல்ல மேடம். பட்டு. தறியில நீளவாட்டுல ஓடற பாவுக்கு முறுக்கின பட்டு."

"பட்டு நூல் சுத்துன ஸ்க்ரூவ நம்பி யாராவது துப்பாக்கி சுடுவாங்களா?" என்றார் மேடம். பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "சார், இந்த ஸ்க்ரூ எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். சேவூர் போலாம்."

அன்று கிளம்ப முடியவில்லை, மறுநாள்தான் போனோம்.

ஏகாம்பரத்தின் வீட்டில் தறிச் சத்தம் கேட்டது. நெய்துகொண்டிருந்தது அவர் மனைவி. ஏகாம்பரம் சுவர் ஓரமாகத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஜீப்பைப் பார்த்ததும் எழுந்து, கும்பிட்டு, வேட்டியைச் சரிசெய்து, மறுபடியும் கும்பிட்டார். படத்தில் முறைத்துக்கொண்டு நின்ற மேகலா, வீங்கிய கண்களோடு கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"ஏம்பா, அந்தத் துப்பாக்கியில ஏதாச்சும் கை வெச்சியா?" இன்ஸ்பெக்டர் நேராகவே கேட்டார்.

"இல்ல சார். சத்தியமா ஒண்ணும் பண்ல சார். அப்படியே இருந்துச்சு சார்."

மேகலா வாயைத் திறந்தாள். ஏகாம்பரம் அவளைப் பார்த்தார். மூடிக்கொண்டாள்.

நான் பழக்க தோஷத்தில் தறிப்பக்கம் போய்விட்டேன். அரக்குச் சிவப்பு உடல், பச்சை பார்டர், பார்டரில் ஜரிகை அன்னங்கள் வரிசையாக. வேலை சுத்தமாக இருந்தது. குனிந்து பார்த்தபோதுதான் ஒன்று உறுத்தியது.

"ஏம்மா, அன்னத்துக்கு மூக்கு எங்க?"

"அதான் தெரியல சார்" என்றார் அந்த அம்மாள், ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடியே. "அமாவாசைக்கு மொத நாள் வரிக்கும் ஒழுங்காத்தான் வந்துகினு இருந்துச்சு. அமாவாசைக்குத் தறி நிறுத்திட்டமா, மறுநாள் குந்தி நெய்யறேன், ஒரு அன்னத்துக்கும் மூக்கு வரல. ரெண்டு நாளா சொல்லிகினே கீறேன், இந்த மனுஷன் காதுலயே வாங்கல. கடைக்காரு இத்தப் பார்த்தா எடுப்பாரா?"

துணியைச் சுருட்டிய உருளையைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஒரு இடம்வரை எல்லா அன்னங்களுக்கும் அலகு இருந்தது. அதற்கப்புறம் ஒன்றுக்கும் இல்லை. பார்டரின் அந்த ஓரத்து இழைகள் சில மட்டும் எழவில்லை. அப்படியென்றால் கோளாறு மேலே, ஜக்கார்டு பெட்டியில். மூங்கில் ஏணியில் ஏறினேன். பெட்டியின் ஒரு பக்கம் லேசாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ இருக்கவேண்டிய இடத்தில் வெறும் துளை.

"மேடம், அந்த ஸ்க்ரூவக் குடுங்க."

கவரோடு நீட்டினார். பட்டு நூலைப் பிரிக்காமல் நுனியை மட்டும் துளையில் வைத்துப் பார்த்தேன். தன் வீட்டுக்குள் போவதுபோல் போயிற்று. பக்கத்துத் துளையில் இருந்த ஸ்க்ரூவும் இதுவும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்று.

கீழே மேகலா பொறுக்க முடியாமல் பேசிவிட்டாள். "அப்பா, சொல்லிடுப்பா! சார், சுத்தியல் தொளதொளன்னு ஆடிகினு இருந்துச்சு. போட்டோவுல நல்லாவே வரல. நான்தான் சார் புலம்புனேன். அப்பாதான் மேல ஏறி—"

"ஒரு ஸ்க்ரூ இல்லாம ஆடிகினு கெடந்துச்சு சார்" என்றார் ஏகாம்பரம். "எதுனா ஆடிகினு இருந்தா எனக்குக் கை நிக்காது. அமாவாசை, தறி ஓடாது. சரி, இதுலருந்து கழட்டிப் போட்டு, போட்டோ எடுத்ததும் திருப்பி மாட்டிக்கலாம்னு பார்த்தேன். லூசா இருந்துச்சு, நூல் சுத்துனேன். அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க. துப்பாக்கிய ரிப்பேர் பண்ணேன்னு சொன்னா உள்ள போட்டுடுவாங்கன்னு பயந்துட்டேன் சார். எம் பொண்ணுக்கு வேல போயிடும் சார்."

இன்ஸ்பெக்டர் ஏகாம்பரத்தைப் பார்த்தார், தறியைப் பார்த்தார், அலகில்லாத அன்னங்களைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏன்யா, உண்மைய சொன்னா வெளிய வந்திருப்ப, பொய் சொல்லிட்டு உள்ள போகப் பார்த்தியே! உன் அன்னம் உனக்கு சாட்சி சொல்லுதுய்யா."

வாசுகி மேடம் சிரிக்கவில்லை. "அவர் சுத்துன மாதிரியே எங்க முன்னாடி இன்னொரு ஸ்க்ரூவுல நூல் சுத்திக் காட்டச் சொல்லுங்க" என்றார். ஏகாம்பரம் பயந்தபடியே சுற்ற ஆரம்பித்தார். நூல் விரலுக்கு வந்ததும் பயம் விட்டுப்போயிற்று. அதே நெருக்கம், அதே முடிச்சு. மேடம் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இன்னொரு தடவை" என்றார்.

நான் ஏணிமேல் நின்றபடியே புன்னகைத்துக்கொண்டேன். வழக்கு இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கிளம்பும்போது ஏகாம்பரம் தயங்கித் தயங்கி, "அந்த ஸ்க்ரூவக் குடுத்துட்டுப் போனீங்கன்னா… தறி…" என்றார். அது அறிக்கையோடு இருக்க வேண்டும் என்று மேடம் மறுத்துவிட்டார். இன்ஸ்பெக்டர் தன் ஜீப் டிரைவரை ஆரணி பஜாருக்கு விரட்டினார். "ஜல்தியா போய் இதே சைஸ்ல ஒண்ணு வாங்கியாப்பா." வந்தது. போட்டதும் உட்கார்ந்தது. நெய்யச் சொல்லிப் பார்த்தோம். அலகு வந்தது.

அந்த டிரைவர் இரண்டாக வாங்கி வந்திருந்தான். மற்றொன்றைக் கிடங்குக்குக் கொண்டுபோய்ப் பிஸ்டலில் வைத்துப் பார்த்தேன். கிணற்றில் விழுந்த கல்போல் உள்ளே போய்விட்டது. தினேஷ், தனித்தட்டுக்கான பதில் இதுதான். உன் கையில் இருப்பது பஜாரில் வாங்கிய ஸ்க்ரூவின் உலகம். நான் தொழில் பழகிய ரிவால்வர்கள் அதற்கும் மூன்று கோட்டுப் பிஸ்டலுக்கும் நடுவில் நின்றன. அவற்றை இயந்திரம் செய்தது, ஆனால் கடைசியாகக் கைதான் ராவிப் பொருத்தியது. ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் போட்டால் பெரும்பாலும் உட்காரும். அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லுக்காகத்தான் தட்டு.

மேடம் அறிக்கை எழுதினார். பழங்காலத்து விசைப் பிஸ்டல், பட்டறையில் செய்தது, சுடும் நிலையில் இல்லை, ஒரு ஸ்க்ரூ மட்டும் தறியினுடையது. மேல் ஆய்வுக்குப் போன இடத்திலும் அதையே சொன்னார்கள். பிஸ்டல் அரசாங்கத்திடம் போயிற்று. அது எந்தப் படையோடு வந்தது, யார் அதைச் சேவூர் உத்தரத்தில் மாட்டினார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆதாரம் இல்லை. ஆகவே எழுதவில்லை. இரண்டு கோடும் நாலு கோடும் எங்கேயோ இன்னும் குளவிகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கலாம்.

அந்தப் புடவையைக் கடைக்காரர் கழித்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, என் மனைவி போய் அதை வாங்கி வந்தாள். "இன்னாங்க, மூக்கில்லாத அன்னத்த எவ கட்டுவா?" என்று பக்கத்து வீட்டம்மா கேட்டபோது, "எங்க வீட்டுக்காரரு நாள் பார்த்துச் சொல்ற ஆளு. அவருக்குத் தேதி போட்ட புடவதான் புடிக்கும்" என்றாளாம்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள், ஏகாம்பரம் ஒரு டப்பா இனிப்போடு வீட்டுக்கு வந்தார். கூடவே மேகலா, பயிற்சி முடித்து வந்த காக்கி உடுப்பில். எனக்கு சல்யூட் அடித்தாள். நானும் பழக்கத்தில் விறைப்பாக நின்றேன். ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மனைவி அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள்.

மேகலா சட்டென்று குனிந்து முந்தானையை எடுத்தாள். பார்டரில் விரலை வைத்து, அன்னம் அன்னமாக நகர்த்திக்கொண்டே போனாள். அலகு இருந்தது, இருந்தது, இருந்தது. ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இங்கேர்ந்து நான் அழுதுகினு இருந்தேன் ஆன்ட்டி" என்றாள்.

விரல் மறுபடியும் நகர்ந்தது. அலகில்லாத அன்னங்களை ஒவ்வொன்றாகக் கடந்து, என் மனைவியைச் சுற்றி அரை வட்டம் நடந்து, இடுப்புப் பக்கம் ஒரு அன்னத்தின் மேல் போய் நின்றது. அதற்குச் சின்னதாக, கூர்மையாக, ஜரிகையில் ஓர் அலகு.

"இங்க வேலை வந்துடுச்சு."